அப்பாவை அனுப்பி வை

வினிபெக், கனடா
11 ஜனவரி 1981, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

அப்பாவின் இழவைப் பதிந்து நீ அனுப்பிய ஒலிநாடா புதன்கிழமை வந்தது. கூடவே வார இதழ்க் கட்டும். உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டுகூட விழவில்லை. அப்பாவின் சாவுக்கு வராத தங்கைக்கு எழுத உனக்கு ஒரு வரியும் இல்லை. தந்தி வந்தபோது எனக்குப் பரீட்சை நடந்தது, டிக்கெட் எடுக்கக் கையில் வழியும் இல்லை என்று போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மறுபடி சொன்னால் சாக்குப் போலத்தான் இருக்கும்.

சனிக்கிழமை வரை நாடாவைத் தொடவில்லை. சனி, ஞாயிறு இந்த வீட்டில் சத்தமே இருக்காது. மற்ற மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெளியே பனி, வாசற்படிகூடத் தெரியாது. வாரம் முழுவதும் கோதுமைத் துருநோயைப் பூதக்கண்ணாடியில் பார்த்த கண்ணுக்கு அந்த இரண்டு நாளும் பாட்டும் படிப்பும்தான். ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி. எதிரே இன்னொன்று, யாரும் உட்காராதது.

நேற்று மத்தியானம் நாடாவைப் போட்டேன். உன் செபமாலை கேட்டது. இழவு வீட்டில் கண்விழித்துச் சீட்டு விளையாடுகிறவர்கள் சண்டை போடுவது கேட்டது. அப்புறம் அப்பாவின் பேண்டு. ஊர்ச் சாவுக்கெல்லாம் வாசித்த மனுஷனுக்கு அவருடைய ஆட்களே வாசிக்கிறார்கள். அப்பாவின் கிளாரினெட் வரவேண்டிய இடத்தில் யாரும் ஊதவில்லை. அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டு மேலே போகிறார்கள். அங்கேதான் நான் அழுதேன்.

நாடா முடிந்த பிறகு இதழை எடுத்துத் தொடர்கதையைச் சத்தமாகப் படித்தேன். சனிக்கிழமை அப்பா நமக்குப் படிப்பாரே, அந்த மாதிரி. ஒரு பக்கம் தாண்டியிருக்க மாட்டேன். எதிர் நாற்காலிப் பக்கமிருந்து, டக் டக்... டக். வேகமாக இரண்டு, தயங்கி ஒன்று. வாசிக்கத் தொடங்குமுன் அப்பா வலது காலால் தட்டுவாரே, அதே தட்டு. எனக்கு அது வரவே வராது. "உன் காலுக்குக் காது கேக்காதுடி" என்று சொல்லிச் சிரிப்பார்.

அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். இழவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரக்கூடாது, வழியில் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து, கூட வந்ததை அங்கே உதறிவிட்டுத்தான் வரவேண்டும். அப்பா எத்தனை சாவுக்கு வாசித்தாலும் சோடாக் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்ததில்லை. நம் ஊர்ச் செத்தவர்கள் பாதிப் பேர் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீ கேலி பண்ணுவாய். நானோ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து இழவைக் கேட்டேன். முடிந்ததும் எழுந்து வெளியே போகவேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்பா என்கூட இங்கேயே தங்கிவிட்டார்.

வீட்டுக்காரம்மா ஸ்டெஃபானியாவிடம் சொன்னேன். உக்ரைன்காரி. போன செவ்வாய்க்கிழமை, அவர்களுடைய பழைய நாட்காட்டிப்படி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அன்றைக்குச் செத்துப்போன புருஷனுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுத் தட்டு வைத்தவள். "வெந்நீர்க் குழாய்தான்டி. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து தட்டிட்டே இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் படியேறி வந்து, "உங்கப்பாவா? சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

உன் தங்கை,
மின்யா

*

பாவாய், இலோகோஸ்
2 பிப்ரவரி 1981

மின்யா,

குழாய் தட்டினால் அப்பா என்கிறாய். அதற்குப் பெயர்தான் மேல்படிப்பா?

சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கி எறியலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. இரண்டு நாளாகப் பூண்டு வயலுக்குப் போகவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஊரே என்னைக் கேட்கிறது. "பசிட்டா, வந்தாராடி? கனவுலயாவது வந்தாரா?" எதிர்வீட்டுக்காரிக்கு வந்திருக்கிறார். கடன் வாங்கிப் போன ஏணியைக் கேட்டாராம். அவர் பேண்டில் டிரம் அடிக்கிறவனுக்கு வந்திருக்கிறார். எனக்கு வரவில்லை. அவருக்குப் பிடித்த கரும்புக் கள்ளும் சோறும் தனியாக எடுத்து வைத்தேன். எறும்புதான் வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். பூனை வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனது.

மூன்று வருஷம், மின்யா. வாதம் வந்தபிறகு அவருக்கு வலது காலும் பாதி வாயும்தான் மிச்சம். மீதியெல்லாம் நான். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். போகிறபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனபிறகாவது வந்து படுக்கையோரம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் மணிலாவையும் கடலையும் தாண்டி உன்னிடம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை கேட்கிறார். பக்கத்து ஊர்ச் சந்தைக்கே வரமாட்டேன் என்ற மனுஷன்.

கேட்டுக்கொள். நவம்பரில் வருஷத் திதியன்று நான் துக்கக் கறுப்பைக் கழற்றியாக வேண்டும். அதற்கப்புறம் அவர் யாரிடமும் வரமாட்டார், போய்விடுவார். அதற்குள் அப்பாவை அனுப்பி வை. எப்படி என்று என்னைக் கேட்காதே. ஆற்றில் குளித்துவிட்டுக் கிளம்பும்போது அம்மா நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளே, "வா, போகலாம், இங்கேயே தங்கிடாதே" என்று. கூப்பிடாவிட்டால் உயிரில் ஒரு துண்டு அங்கேயே நின்றுவிடும் என்பாள். உயிரோடிருக்கிறவர்களுக்குப் பலிப்பது செத்தவருக்கும் பலிக்கும். கூப்பிட்டு அனுப்பு.

பசிட்டா

*

வினிபெக்
1 மார்ச் 1981

பசிட்டா,

அனுப்ப மாட்டேன்.

அப்பா சனிக்கிழமைதோறும் வருகிறார். நாடாவைப் போட்டால் வருவதில்லை. நான் படித்தால்தான் வருகிறார். நிறுத்தினால் தட்டுகிறார். போன வாரம் வேண்டுமென்றே ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படித்தேன், விடாமல் தட்டினார். இன்னொரு சனிக்கிழமை வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் கெட்டுப்போய்க் குழாயெல்லாம் ஜில்லிட்டுக் கிடந்தது. அன்றைக்கும் தட்டினார். எனக்குப் பயமாக இருந்தது, எழுந்து போகத்தான் மனம் வரவில்லை. இந்த வீட்டில் என்னிடம் நம் பாஷையில் பேச ஒருவரும் இல்லை. அவரும் பேசுவதில்லை, ஆனால் கேட்கிறார்.

எங்கே கொண்டுபோய் உதறச் சொல்கிறாய்? தெருக்கோடியில் ஒரு டோனட் கடை இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்று அதுவரைக்கும் போனேன். காபி வாங்கி உட்கார்ந்தேன். வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறையும். மெல்லிய சட்டை போட்டுப் புதைத்த மனுஷனை அந்தக் கடையில் விட்டுவிட்டு வர எனக்குக் கால் வரவில்லை. இரண்டு பேருமாகத்தான் திரும்பி வந்தோம்.

உனக்கு மூன்று வருஷம் கிடைத்தது. அவர் கை, அவர் வாய், அவர் மூச்சு எல்லாம். எனக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம். அதையும் கேட்கிறாய்.

ஹெர்மினியா

*

பாவாய்
22 ஏப்ரல் 1981

மின்யா,

அக்கா என்ற வார்த்தை கனடாவுக்குப் போகும் வழியில் தொலைந்துவிட்டதா? வெறும் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறாய், கீழே உன் முழுப்பெயர் வேறு. தபால்காரன் வாசித்துக் காட்டியிருந்தால் மானம் போயிருக்கும். நல்லவேளை, எனக்கே எழுத்துத் தெரியும்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். இப்போது கோபம் தள்ளுகிறது, சொல்கிறேன்.

நீ கிளம்பிய அன்று மணிலா விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அப்பாவும் நின்றோம். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். அப்பா உன் பெயரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அம்மா உயிரோடு இல்லை, அவர்தான் கூப்பிட வேண்டும். அவர் வாயைத் திறக்கவே இல்லை. விலாவில் இடித்தேன்.

"கூப்பிடுங்கப்பா. பாதி இங்கயே நின்னுடப் போவுது."

"நிக்கட்டுமே" என்றார். "முழுசா எதுக்குப் போவணும்? கொஞ்சம் நம்மகூட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டார். சனிக்கிழமை இதழ் வந்ததும் அந்த நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து தொடர்கதையைப் படித்தார். உனக்கு. வாய் கோணிப்போன பிறகும் விடவில்லை. பாதி வார்த்தை எச்சிலோடு வழியும், நான் துடைத்துவிடுவேன். பத்திக்குப் பத்தி நிறுத்தி, வலது காலால் தட்டிவிட்டு, "கேக்குதா, மின்யா?" என்பார். நான் அதே அறையில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். "எனக்குக் கேக்குதுப்பா" என்று ஒருநாள் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நாற்காலியைப் பார்த்துப் படித்தார்.

ஆக, அந்த மூன்று வருஷமும் உனக்குத்தான் கிடைத்தது. முழு ஆளாக இருந்த என்னை விட்டுவிட்டு, உன்னில் பாதியோடு குடித்தனம் பண்ணினார்.

எனக்கு வயிறு எரிகிறது, மின்யா. அது நல்லதில்லை என்று தெரியும், இருந்தும் எரிகிறது. ஒரே ஒரு தடவை அவர் எனக்காக இந்த வீட்டுக்கு வரவேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் அக்கா (ஞாபகம் இருக்கட்டும்),
பசிட்டா

*

வினிபெக்
18 அக்டோபர் 1981, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

ஆறு மாதமாக எழுதவில்லை. உன் கடிதத்தைத் தினமும் எடுப்பேன், நாற்காலி வரும் இடம் வந்ததும் மடித்து வைத்துவிடுவேன். எனக்கு எப்போதும் ஒரு குறை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. இங்கே நான் சாப்பிடுகிறேன், படிக்கிறேன், பரிசுகூட வாங்கினேன், எல்லாம் வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி இருக்கும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை அனுப்பிவிட்டேன்.

பௌஸ்தினா என்று ஒரு நர்ஸ், நம் பக்கத்து லவோ ஊர்க்காரி. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போகிறாள் என்று கோயிலில் கேள்விப்பட்டேன். போய்க் கேட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏற்கனவே ரெண்டு பெட்டி நிறைய மத்தவங்க சாமான். இப்ப உங்கப்பா வேறயா?"

"எடை இல்லையே, அக்கா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "விமானம் எத்தனை எடத்துல மாறுதோ அத்தனை எடத்துலயும் கூப்பிடணும், தெரியுமில்ல? வான்கூவர், டோக்கியோ, மணிலா, அப்புறம் பஸ்ஸு. முழுப் பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றாள். கையில் எழுதிக்கொண்டாள், ஊசி மருந்துப் பெயர் மாதிரி.

நேற்று அனுப்பி வைத்தேன். காலையில் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். முடிவு தெரியாமல் அவர் போகக் கூடாது. தட்டினார். என் மேல்கோட்டை எதிர் நாற்காலியில் போர்த்திவிட்டு, "வாங்கப்பா, போகலாம், இங்கேயே தங்கிடாதீங்க" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். ஸ்டெஃபானியாம்மா கீழே கம்பு ரொட்டியைத் துணியில் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். "வழியில என்ன குடுப்பானோ. பெரியவருக்கு" என்றாள்.

விமான நிலையத்தில் பௌஸ்தினா கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் உரக்கக் கூப்பிட்டாள். "அன்செல்மோ ஐயா! வாங்க, போகலாம், பின்தங்கிடாதீங்க!" பாதுகாப்புக்காரன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். நான் கூப்பிடவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன், தப்பித் தவறி "அப்பா" என்று சொல்லிவிட்டால் திரும்பி விடுவாரே.

இன்று ஞாயிறு. இதோ, சத்தமாகப் படித்தேன். நிறுத்தினேன். குழாய்கூடத் தட்டவில்லை.

வந்தாரா, உடனே எழுது.

உன் தங்கை,
மின்யா

*

பாவாய்
16 நவம்பர் 1981

அன்புள்ள மின்யா,

பௌஸ்தினா வந்தாள். சாக்லேட் டப்பாவை என் கையில் கொடுத்தாள், உட்கார்ந்தாள், அழத் தொடங்கினாள். எனக்குப் பாதி உயிர் போயிற்று, உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று.

"வான்கூவர்ல கூப்பிட்டேன்க்கா. டோக்கியோல கூப்பிட்டேன். மணிலாவுல சுங்கக்காரன் பெட்டியப் பிரிச்சுப் போட்டு ரகள பண்ணிட்டான். அந்தக் கோவத்துல மறந்துட்டேன். பஸ்ஸு பாதி வழி வந்தப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. சூப் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் யோசித்தேன். உலகத்தில் பாதியைச் சுற்றி வந்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு, மணிலா விமான நிலையத்தில் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறார். ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. சந்தைக்கே தனியாகப் போகாதவர். என் பிடிவாதம்தானே அவரை அங்கே நிறுத்தியது? திதி வேறு நெருங்கிவிட்டது.

சனிக்கிழமை பேருந்து ஏறினேன். எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிலா விமான நிலையத்தில் போய் நின்றேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே கண்ணாடி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே எல்லோரும் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. "அப்பா! பசிட்டா வந்திருக்கேன். வாங்க, வீட்டுக்குப் போகலாம், இங்கேயே தங்கிடாதீங்க!" மூச்சுப் பிடித்துக் கத்தினேன்.

அப்புறம் ஒன்று செய்தேன். அவர் அன்றைக்கு எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாரோ அங்கே போய் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து உன்னைக் கூப்பிட்டேன். "ஹெர்மினியா! போ. முழுசாப் போ. இங்கேயே தங்கிடாதே." அவர் கோபித்துக்கொள்ளட்டும். வீட்டு நாற்காலியில் நீ பாதி, அங்கே பாதி, இரண்டு பக்கமும் பசியோடு எத்தனை நாள்?

திரும்பும்போது பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டேன். நடத்துனர் பையன், நம் பக்கத்து ஆள், "யாருக்கு இந்த எடம்?" என்றான். "எங்கப்பாவுக்கு" என்றேன். என் கறுப்பு உடையைப் பார்த்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். சாப்பிட நிறுத்திய இடத்தில் நான் மெதுவாகக் கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் நான் கண்ணசந்துவிட்டேன். அவன் குரல் கேட்டுத்தான் விழித்தேன். "பெரியவரே, வண்டி கெளம்புது! ஏறிட்டீங்களா? பின்தங்கிடாதீங்க!" பேருந்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பாவாயில் நான் இறங்கினதும் கதவைச் சாத்தாமல் கொஞ்சம் நின்றான். படிக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான், வயசானவரை இறக்கிவிடுகிறவன் மாதிரி.

அப்பா வந்தாரா என்று கேட்கிறாய். தெரியவில்லை. கனவு இல்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை திதி. சோறு வைத்தேன், கறுப்பைக் கழற்றினேன். சாயங்காலம் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், ஆனால் இந்தத் தடவை அவருக்கு. நான் படித்தேன். எனக்கு உன்னைப் போல நிறுத்தி நிதானமாகப் படிக்க வராது, தடுக்கித் தடுக்கித்தான் படித்தேன். தட்டவில்லை. அசையவில்லை. ஆனால் மின்யா, யாரோ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூண்டு உரிக்கிறவள் எப்படிக் கேட்பாளோ, அப்படி.

கதை முடிந்ததும் நான்தான் சொன்னேன், போய் வாங்கப்பா என்று.

உன் அக்கா,
பசிட்டா

*

வினிபெக்
13 டிசம்பர் 1981, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ மணிலாவில் கூப்பிட்ட தேதியைப் பார்த்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கூப்பிட்ட ஞாயிறு காலை, இங்கே எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா போனபிறகு மூன்று வாரமாகச் சத்தமில்லை. எதிர் நாற்காலியைக்கூட ஸ்டெஃபானியாம்மா மெத்தையைத் தைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஒரு பத்தி முடிந்து மூச்சு விட நிறுத்தினேன்.

டக் டக்... டக்.

நீ அனுப்பிய கடிதம் அப்போது என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார், அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதுதான். கோபமாகக்கூட வந்தது. "அப்பா, போங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, சத்தம் வந்த பக்கம் பார்த்தேன்.

என் கால், அக்கா. வலது கால்.

அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? மூன்று வருஷம் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவரைக் கேட்டவள்தான், என்னில் அந்தப் பாதி. அவள் வந்து சேர்ந்துவிட்டாள். இதோ, எழுதும்போதும் தட்டுகிறாள்.

உன் தங்கை,
மின்யா